செக்போஸ்ட்டும் பஸ் செட்டும்

காரைக்காலைச் சுற்றியிருந்த செக்போஸ்ட்டுகளை ஏமாற்றி தமிழ்நாட்டுக்குச் சாராய பாட்டில் கடத்தியவர்கள் எத்தனையோ பேர். எங்கள் பத்தாம் வகுப்பு செக்போஸ்ட்டை ஏமாற்றி ஒரு தயிர்சாத டப்பாகூடத் தாண்டியது கிடையாது.

செக்போஸ்ட் என்பது எங்கள் வகுப்புப் பையன் ஒருத்தனின் பட்டப்பெயர்; அவன் நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். எழுபதுகளின் கடைசி அது. வகுப்பு மூன்று செட்டாகப் பிரிந்து கிடந்தது: கோட்டுச்சேரி பக்கமிருந்து வருகிற பஸ் செட், டவுன் சைக்கிள் செட், திருவேட்டக்குடி மீன்குழம்பு செட். மத்தியானம் சாப்பிட செட்டுக்கொரு மரத்தடி. ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால், நடுவில் நிற்கும் செக்போஸ்ட்டிடம் டப்பாவைத் திறந்து காட்டி, காரணம் சொல்லி, அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஹெட்மாஸ்டரே ஒருமுறை டிபன் கேரியரைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போனார்.

நான் நடுவருஷத்தில் வந்து சேர்ந்தவன். பதினைந்து நாள் குழாயடியில் தனியாகத் தின்றேன். வெட்கத்தை விட்டு அவனிடம் போனேன்.

"வூடு எங்கடா?"

"தலத்தெரு. நடந்துதான் வர்றேன்."

"சைக்கிள் இருக்கா?"

"இல்ல."

"மீனு?"

"வூட்டுல சைவம்."

பெருமூச்சு விட்டான். "பஸ் செட்டுலதான் எடம் இருக்கு. ஆனா நீ பஸ்ல வரணும். சட்டம்னா சட்டம்தான்."

வந்தேன். ஒரு வாரம், பள்ளிக்கூட வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, கோட்டுச்சேரிக்கு ஏறி, அங்கே இறங்கி, அதே பஸ்ஸில் திரும்பி, "பஸ் லேட் சார்" என்று வகுப்பில் நுழைந்தேன்.

மூன்றாம் நாள் கண்டக்டருக்கே பொறுக்கவில்லை. "என்ன தம்பி, தெனமும் எதையாச்சும் மறந்து வச்சுட்டு வந்துடுறியா?"

வெள்ளிக்கிழமை சீட்டு கிடைத்தது. பஸ் செட் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டது. அன்றைக்கு எலுமிச்சை சாதம் தேவாமிர்தமாக இருந்தது.

மறுவாரம் குரூப் போட்டோ. செட் செட்டாகத்தான் நின்றோம். போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"நடுவுல தனியா நிக்கிற தம்பி, எந்தப் பக்கமாச்சும் சேந்து நில்லுங்க."

"நான் டியூட்டியில இருக்கேங்க" என்றான் செக்போஸ்ட்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஊருக்கெல்லாம் சீட்டு எழுதியவனை ஒரு செட்டும் கூப்பிட்டதில்லை.

இடத்தை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். பஸ் செட் முணுமுணுத்தது. இனிமேல் அந்த மரத்தடி எனக்கில்லை என்று தெரிந்துதான் போனேன்.

"யாரக் கேட்டுடா இங்க வந்த?" என்று பல்லைக் கடித்தான்.

"யாரையும் கேக்கல. வந்துட்டேன்."

படத்தில் எல்லோரும் விறைப்பாக நிற்கிறார்கள். அவன் ஒருத்தன்தான் சிரிக்கிறான், என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. இன்றைக்கும் அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அவ்வளவு பிரியம் எனக்கு அந்தப் பயல் மேல்.