முட்டையும் ஹயர்தான்

அரநாயக்கப் பக்கம் வண்டி வைத்திருந்தவர்களில் தன் இன்சூரன்ஸ் பத்திரத்தைக் கடைசி வரி வரை படித்த ஒரே மனிதர் நாங்கள் 'விருந்தாளி அண்ணன்' என்று கூப்பிடுகிறவர்தான். அதை அச்சடித்த கம்பெனியில்கூட யாரும் அவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டார்கள்.

ரப்பர் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேன் வாங்கினார். ஃபுல் இன்சூரன்ஸ். வேன் குடை சாய்ந்தாலும் நஷ்டஈடு வரும். ஆனால் சொந்தப் பாவனைக்கு மட்டும். ஹயர் என்று யாரிடமாவது காசு வாங்கி ஏற்றினால் ஒன்றும் கிடைக்காது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேறு வண்டி கிடையாது. எல்லாரையும் ஏற்றுவார், காசு மட்டும் தொடமாட்டார். அதோடு விட்டாரா? ஏறும் முன்னால் ஒவ்வொருவருக்கும் பரீட்சை வைப்பார்.

"நீங்க யாரு?"

"விருந்தாளிங்க."

"ஹயர் குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"இன்னும் சத்தமா!"

வயிற்றுவலியில் துடிப்பவனும் இதைச் சொன்னால்தான் கதவு திறக்கும். ஒருமுறை செல்லம்மாக்கா சந்தைக்குக் கொண்டுபோன கோழி பின்சீட்டில் முட்டை போட்டுவிட்டது. மனிதர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேல்லயத்தில் அக்கா வீடு வரை மலையேறினார். "பிடிங்கக்கா. முட்டையும் ஹயர்தான்!"

என் மனைவிக்குப் பிரசவமாகி, மாவனல்லை ஆஸ்பத்திரியிலிருந்து எங்களைக் கூட்டிவந்ததும் அவர்தான். பிறந்து மூன்று நாளான மகளுக்கும் சேர்த்து நானே "விருந்தாளிங்க" சொன்னேன். பாதி வழியில் மழை பிடித்தது. ஒரு வளைவில் வேன் சறுக்கிக் கல்லில் மோதிச் சாய்ந்தது. எங்களுக்குக் கீறல்கூட இல்லை. அவருக்குக் கை உடைந்தது, வேனுக்கு முன்பக்கமே இல்லை.

"பயப்படாதீங்க, ஃபுல் இன்சூரன்ஸ்" என்றார், விழுந்து கிடந்தபடியே.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி மாத்தையா விசாரிக்க வந்தார். கையில் கட்டோடு அண்ணன் ஒரு பக்கம், என் மாமனார் ஒரு பக்கம், நடுவில் நான். கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்தையா எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அப்ப நீங்க எல்லாம் எப்பவும் ஓசியிலதான் போறதா?"

மாமனார் முன்னால் அப்படிக் கேட்டது சுருக்கென்று தைத்தது. பாழாய்ப்போன வாய்!

"ஓசியில போற ஆளுங்க இல்லீங்க மாத்தையா நாங்க. ஒவ்வொரு தடவையும் ஹயர் குடுத்துத்தான் போறோம்!"

பச்சைப் பொய். அந்த வேனில் போன எட்டு வருடத்தில் நான் ஒரு சதம் கொடுத்ததில்லை. அதை அப்படியே எழுதி, என்னிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

மறுநாளே கம்பெனிக்கு ஓடிப்போய், பொய் சொல்லிவிட்டேன் என்று அழுதேன். கையெழுத்துப் போட்ட பிறகு எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வேன் பழைய இரும்புக்குப் போனது.

"விடு தம்பி, அந்தாளு கேட்ட கேள்வி அப்படி" என்றார் அண்ணன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது என்னிடம் ஒரு ஆட்டோ இருக்கிறது. குடையை ஊன்றி டவுனுக்கு நடக்கும் அண்ணனைக் கண்டால் நிறுத்துவேன். உடனே ஏறமாட்டார். "நான் விருந்தாளி! ஹயர் குடுக்கல!" என்று ரோடே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்.

உண்மையில் என் இன்சூரன்ஸ் ஹயர் ஓடுவதற்கானதுதான், தாராளமாகக் காசு வாங்கலாம். அவரிடம் மட்டும் "சொந்தப் பாவனைக்குத்தாண்ணே" என்று சொல்லி, பத்திரத்தை வீட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். படித்துவிட்டால் அவர் காசு கொடுத்துவிடுவார்.