இரண்டு மாடிக்கு நடுவே ஒரு ப்ளூஸ்

மனிதனின் துயரத்தைத் தீர்க்க ஞானிகள் முயன்றார்கள், அரசர்கள் முயன்றார்கள், மருத்துவர்களும் முயன்று பார்த்துக் கைகழுவினார்கள். துயரத்தைத் தீர்க்கவே வேண்டியதில்லை, தகுந்த இசையோடு காத்திருக்க வைத்தால் போதும் என்று உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமை ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தையே சேரும்.

அந்த நிறுவனம் நகரத்தில் இருநூற்றுப் பதினாறு லிஃப்டுகளைப் 'பராமரித்து' வந்தது. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு பெண்குரல் சொல்லும். பிறகு, மெக்கானிக் வரும்வரை இசை ஒலிக்கும். இந்த இசையைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருந்தார். வயது நாற்பத்தெட்டு, பத்தொன்பது வருட அனுபவம், பெயர்ப்பலகையில் 'காத்திருப்பு இசைக் கண்காணிப்பாளர்'. அலுவலகத்தில் எல்லோரும் மரியாதையாகக் 'காத்திருப்பார்' என்றே அழைத்தார்கள்.

அவர் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு மெட்டு. மணிகள் கிணுகிணுக்கும் குதூகலமான மெட்டு. அதைக் கேட்டவர்கள் எல்லோரும், இணைப்புக் கிடைத்ததும் முதலில் லிஃப்டைத் திட்டினார்கள். பிறகு மணியைத் திட்டினார்கள். கடைசியில் காத்திருப்பாரின் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது புகார் வந்தபோது மேலாளர் கண்ணாடி அறையில் அவசரக் கூட்டம் போட்டார்.

"வாடிக்கையாளருங்க ஏன் இப்படிக் கோபப்படறாங்க? யாரும் தயங்க வேணாம். மனசுல இருக்கறத சொல்லுங்க."

மெக்கானிக் கையைத் தூக்கினார். "லிஃப்ட் நடுவுல நின்னுடுது சார். அதான் கோபப்படறாங்க. கம்பி வடமெல்லாம் தேஞ்சு கிடக்கு. மாத்தணும்னு எழுதிக் குடுத்து ஆறு மாசம் ஆச்சு."

மேலாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அதைக் கூட்டக் குறிப்பில் 'தலைப்புக்கு அப்பாற்பட்ட கருத்து' என்று பதிவு செய்யச் சொன்னார்.

காத்திருப்பார் தொண்டையைச் செருமினார். "சார், தப்பு பாட்டுல இருக்கு. மாட்டிக்கிட்டவன் காதுல போயி குதிச்சு விளையாடினா அவனுக்கு எப்படி இருக்கும்?"

"அப்படி வாங்க வழிக்கு!" என்றார் மேலாளர். மெக்கானிக் கையை இறக்கிக்கொண்டார்.

புதிய இசைக்கு வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. காத்திருப்பாரின் மைத்துனர் கப்பலில் எலக்ட்ரீஷியன். ஒருமுறை கிளம்பும் அவசரத்தில், "பத்திரமா வச்சிருங்க மாமா" என்று நாற்பது இசைத்தட்டுகளைப் பெட்டியோடு விட்டுப் போயிருந்தார். எல்லாம் பழைய ஜாஸ் கிட்டார். காத்திருப்பாரும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்: நாலு வருடமாக அந்தப் பெட்டியின் மேல் மின்விசிறி நின்றிருந்தது.

முதல் வாரம் வேகமான தட்டுகளைப் போட்டார். எலி பரணில் ஓடுவதுபோல் விரல்கள் ஓடின. மூன்றாவது மாடிக்குக் கீழே மாட்டிக்கொண்ட ஒருவர் கத்தினார்: "யோவ், இங்க எனக்கு மூச்சு முட்டுது. அங்க என்னய்யா கல்யாண ஊர்வலமா போகுது?"

காத்திருப்பார் மனம் நொந்து பெட்டியோடு வீடு திரும்பினார். அன்று மாலை ஒரு தட்டைக் கையிலெடுத்தவர் யோசனையில்லாமல் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டார். அதே கிட்டார்காரர், அதே விரல்கள். ஆனால் இப்போது ஓடவில்லை, நடந்தன. ஒரு தந்தியை அவர் விரலால் மெல்லத் தள்ளினார். ஸ்வரம் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பியது. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் நின்று நடுங்கியது.

"ஏங்க, ஊசி சிக்கிடுச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டார்.

"இல்லம்மா. லிஃப்ட் நின்னுடுச்சு."

உண்மையிலேயே அவர் கண் கலங்கிவிட்டது. இந்த மாடியும் இல்லை, அந்த மாடியும் இல்லை; உள்ளே விளக்கு எரிகிறது; கதவுக்கு அந்தப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்றும் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக மாட்டிக்கொண்டவர்களின் தொலைபேசியை எடுத்தவருக்கு, மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பது அன்றுதான் புரிந்தது. புரிந்ததும் ஒரு நல்ல ஊழியர் செய்ய வேண்டியதைச் செய்தார். ஒரு நீளக் குறிப்பேடு வாங்கிக் கோடு போட்டார்.

ஒன்பது நாள் ஆய்வு நடந்தது. நாற்பது தட்டுகளிலும் ப்ளூஸ் என்ற அந்தச் சோக மெட்டு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் தேடிப் பிடித்துத் தரம் பிரித்தார். மூன்று மாடிக் கட்டடங்களுக்கு மென்துயரம். பத்து மாடிவரை நடுத்தரத் துயரம். அதற்கு மேல் கடுந்துயரம். மருத்துவமனைகளுக்கு மட்டும் மேலாளரின் முன் அனுமதி பெற்ற துயரம்.

பலன் கைமேல் கிடைத்தது. கத்தியவர்கள் அடங்கினார்கள். அடங்கியவர்கள் விம்மினார்கள். ஒரு வங்கி அதிகாரி, கதவைத் திறந்துவிட்ட பிறகும், "இந்த ஒண்ணு முடியட்டும்ப்பா" என்று வெளியே வர மறுத்தார். நாளுக்கு நாற்பதாக இருந்த புகார் ஆறானது, பிறகு இரண்டானது, பிறகு நின்றே போனது. லிஃப்டுகளும் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அது புகாராக வரவில்லை அல்லவா?

மேலாளர் அறிவியல் முறைப்படி சிந்தித்தார். புகார் இல்லை என்றால் பழுது இல்லை. பழுது இல்லை என்றால் மூன்று மெக்கானிக் எதற்கு? இருவர் 'புதிய வாய்ப்புகளை நோக்கி' வழியனுப்பப்பட்டார்கள். மிஞ்சிய ஒருவர் கையில் மென்மையான துணி ஒன்று கொடுக்கப்பட்டது, இசைத்தட்டு துடைக்க.

"சார், இது ஸ்பேனர் பிடிச்ச கை" என்றார் மெக்கானிக்.

"அதனாலதான் சொல்றேன், பார்த்துத் துடைங்க. கீறல் விழுந்தா துயரம் கெட்டுடும்."

மூன்றாவது 'புகாரற்ற மாதம்' நிறைவதையொட்டி நிறுவனத்தில் விழா ஏற்பாடானது. கண்ணாடி அறை முழுக்கப் பலூன். மெக்கானிக் ஏணியில் நின்று பேனர் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் காத்திருப்பார் தட்டைத் திருப்பிப் போட எழுந்தார். பக்கம் மாற்றும் அந்த அரை நிமிட மௌனத்தில் தொலைபேசியிலிருந்து ஒரு குரல் கேட்டது. வேறு வழியின்றி எடுத்துவிட்டார்.

"தம்பி, யாராவது இருக்கீங்களா? நான் தையல்காரம்மா பேசறேன். அஞ்சாவது மாடிக்குத் திரைச்சீலை குடுக்க வந்தேன். காலைல ஒம்பது மணிலேருந்து நடுவுல நிக்கறேன்."

அப்போது மணி பதினொன்றேகால்.

"வணக்கம்மா. இசை எப்படி இருந்துச்சு?" காத்திருப்பாருக்குப் பழக்கதோஷம்.

"நல்லாத்தான் இருந்துச்சு. கிட்டார் ஒரு வரி கேக்குது, அதுவே அடுத்த வரியில பதிலும் சொல்லுது."

காத்திருப்பாருக்குப் புல்லரித்தது. இத்தனை நாளில் இதைக் கவனித்த ஒரே ஆள். "அதேதாம்மா! அதுதான் ப்ளூஸோட உயிரே!"

"அப்படியா? ரெண்டு மணி நேரமா நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். எனக்கு மட்டும் பதிலே வரலியே தம்பி."

காத்திருப்பார் ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. பாட்டுக்கு நடுவுல அப்பப்ப டொக்குனு ஒரு சத்தம் வருது. கூடவே தரை ஒரு சாண் கீழ இறங்குது. தாளத்தோட நல்லாத்தான் சேருது. அதுவும் உங்க ஏற்பாடுதானா?"

"டொக்கா?" காத்திருப்பார் தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தார். "அம்மா... அந்தத் தட்டுல தாளக்கருவியே கிடையாதும்மா."

அடுத்த நொடி அவர் கண்ணாடி அறைக்குள் பாய்ந்தார். பலூன் இரண்டு வெடித்தது. "மெக்கானிக், இறங்குங்க! அஞ்சாவது மாடிக்குக் கீழ ஒரு அம்மா! வடம் நழுவுது!"

மேலாளர் குறுக்கே வந்தார். "இப்ப எப்படி அவரை அனுப்பறது? சிறந்த ஊழியர் விருதே அவருக்குத்தான்."

"எதுக்கு சார் விருது?" என்றார் மெக்கானிக்.

"மூணு மாசமா ஒரு பழுதுகூடப் பார்க்காததுக்கு."

மெக்கானிக் ஏணியிலிருந்து குதித்தார். துடைக்கும் துணி அவர் தோளிலேயே கிடந்தது. இருவரும் ஸ்கூட்டரில் பறந்தார்கள். பின்னால் உட்கார்ந்த காத்திருப்பார் மடியில், மூன்று மாதம் திறக்கப்படாத கருவிப்பெட்டி.

லிஃப்டின் இயந்திர அறை மொட்டைமாடியில் இருக்கும் என்பதே காத்திருப்பாருக்கு அன்றுதான் தெரியும். ஒன்பது மாடியையும் படியேறிப் போனதில் அவர் நெஞ்சு மத்தளம் கொட்டியது. மெக்கானிக் பெரிய சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "சார், நான் சொல்றப்ப இந்த பிரேக் கம்பிய அழுத்துங்க, பிரேக் விலகும்; விடுங்கன்னா விடுங்க, பிடிச்சுக்கும். மாத்திச் செஞ்சிடாதீங்க. அந்தம்மா கீழ போயிடுவாங்க."

"அழுத்துங்க!" அழுத்தினார். "விடுங்க!" விட்டார். ஒருவர் சொல்ல, மற்றவர் செய்ய, சக்கரம் விரல்கடை விரல்கடையாகச் சுழன்றது. காத்திருப்பாரின் கையெல்லாம் கிரீஸ். வேட்டைக்குப் போனவர் மாதிரி மூச்சு வாங்கினார். அவர் வாழ்நாளில் எந்த வேலையையும் அவ்வளவு பயந்து, அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

ஐந்தாவது மாடிக்கு இறங்கிவந்து கதவைத் திறந்தபோது, தையல்காரம்மா திரைச்சீலை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து, முதலில் மூட்டையை வெளியே தள்ளினார், பிறகு தானும் வந்தார்.

"பாட்டு பாதியில நின்னுடுச்சே தம்பி?"

"ஆமாம்மா. போட ஆளில்ல. நான் இங்க வந்துட்டேன்."

"உங்க கம்பெனி உருப்படியா செஞ்ச வேலை அது ஒண்ணுதான்" என்றார் தையல்காரம்மா. காத்திருப்பாருக்கு எந்த விருதும் அப்படி இனித்ததில்லை.

அதே நேரத்தில் அலுவலகத்தில், திருப்பிப் போட ஆளில்லாமல் தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நகரமெங்கும் மாட்டிக்கொண்டு அமைதியாக உருகிக்கொண்டிருந்தவர்கள் ஒரேயடியாக விழித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு புகார். விழாவுக்கு வந்திருந்த சிறப்பு விருந்தினர் மாலையோடு எழுந்து போய்விட்டார். போகும்போது படிக்கட்டு வழியாகத்தான் போனார்.

மறுநாள் குறிப்பாணை வந்தது. குற்றம் ஒன்று: பணி நேரத்தில் லிஃப்ட் ஒன்றைச் சரிசெய்தது. குற்றம் இரண்டு: காத்திருந்த வாடிக்கையாளரைக் காத்திருக்க விடாமல் தடுத்தது. குற்றம் மூன்று: மேற்படி வாடிக்கையாளரைப் பதில் சொல்லிக் கெடுத்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் தேவை.

அந்த விளக்கத்துக்காகத்தான் அவரை மெக்கானிக்கின் உதவியாளராகத் 'தரமிறக்கினார்கள்'. இப்போது தினமும் மொட்டைமாடிகளில் பிரேக் கம்பியை அழுத்திவிட்டு, ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். விளக்கம் என்னவோ மூன்றே வரிதான். ப்ளூஸில் ஒரு வழக்கம் உண்டு: மனக்குறையை முதல் வரியில் சொல்வார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பதால் இரண்டாவது வரியிலும் அதையே சொல்வார்கள், மூன்றாவது வரியில் உள்ளதைக் கொட்டிவிடுவார்கள். காத்திருப்பார் அந்த வழக்கத்தை மீறவில்லை. நிறுவனத்தின் முத்திரை பதித்த தாளில், குண்டு குண்டான கையெழுத்தில் எழுதினார்:

"லிஃப்ட் ஓடவில்லை, ஐயா.

லிஃப்ட் ஓடவில்லை, ஐயா.

இத்தனை நாளும் நம்மிடம் ஓடியது இசைத்தட்டு மட்டும்தான்."