பொருத்தம் பேசி முடித்த நோர்வேச் சம்பந்தம்

திருகோணமலையில் இரண்டு விதமான ஆட்கள்தான் உண்டு. தரகர் பொருத்தம் கட்டிவைத்தவர்கள் ஒரு வகை. பொருத்தத்தின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பின்கதவால் ஓடியவர்கள் மற்ற வகை. இரண்டிலும் சேராத ஒருத்தியும் இருக்கிறாள். அவளுக்கு அவர் மாப்பிள்ளைக்குப் பதிலாக ஒரு பல்கலைக்கழகத்தைப் பேசி முடித்துவைத்தார். அந்த ஒருத்தி நான்தான்.

அவருக்கும் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய மனைவியே போனில் "பொருத்தம் வெளியில போயிட்டார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தொழில் கலியாணத் தரகு. துறைமுகத்தடியிலிருந்து மூதூர்ப் பக்கம் வரைக்கும் அவருடைய ராச்சியம். ஸ்கூட்டரின் முன்கூடையில் சாதகக் கட்டு, தலையில் ஹெல்மெட். வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்தாலும் அந்த ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார். கழற்றினால் சாப்பிட்டுப் போகச் சொல்வார்கள், சாப்பிட்ட வீட்டில் குறை கண்டுபிடிக்க மனம் வராது என்பது அவர் சொன்ன காரணம். ஊர் வேறு காரணம் சொல்லிக்கொண்டது.

ஒருமுறை பஸ் நிலையத்தடியில் ஸ்கூட்டரை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், தெருவில் திரியும் மான்களில் ஒன்று கூடைக்குள் வாயை விட்டு ஒரு சாதகத்தை மென்றுகொண்டிருக்கிறது. சீனன்குடாவில் நல்ல உத்தியோகத்தில் இருந்த மாப்பிள்ளையின் சாதகம் அது. வேறு ஆளென்றால் தலையில் கையை வைத்திருப்பார். பொருத்தம் நேரே பெண் வீட்டுக்குப் போய், வாயில்லாச் சீவன் ஒன்று தடுத்துவிட்டது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர்களும் கும்பிட்டு அனுப்பினார்கள்.

ஆனால் விசாரிப்பு என்று வந்தால் ஆள் வேறு. மாப்பிள்ளையைப் பற்றி மூன்று இடத்தில் கேட்பார்: பக்கத்து வீடு, பக்கத்துக் கடை, சலூன். கழுத்தில் கத்தி இருக்கும்போது எந்த ஆம்பிளையும் நடிக்கமாட்டான், அதனால் சலூன்காரர் சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு என்பார். கட்டைபறிச்சான் ஊர்க் குகன் அண்ணாவை அப்படித்தான் மூதூர்ச் சலூனில் விசாரித்து, நல்ல பொறுமைசாலி என்று அறிந்து, நோர்வேயில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கட்டிவைத்தார். குகன் அண்ணா இப்போது பேர்கன் நகரத்தில் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பொருத்தம் என்ன சொன்னாலும் அவருக்கு வேதவாக்கு.

நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஓர்ஸ் ஹில்லில் வீட்டோடு இருந்த நேரம், அம்மா பொருத்தத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா இல்லாத வீடு. அம்மாவின் சொல்தான் முதலும் முடிவும். பொருத்தம் வந்து, ஹெல்மெட்டோடு குசினியில் என்ன சமையல் என்று எட்டிப் பார்த்துவிட்டு, எப்படியான மாப்பிள்ளை வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

"மாப்பிள்ளை வேண்டாம் அங்கிள். எனக்கு வெளியில போய் மாஸ்டர்ஸ் செய்யோணும். கடற்புல்லைப் பற்றி."

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைத்தார். "புல்லுப் படிக்க வெளிநாடோ? எங்கட குடாவுக்குள்ளயே கிடக்குத்தானே, போய்ப் பாரன்."

பொருத்தம் மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "சரி பிள்ளை. எந்தெந்த இடம் பாத்து வச்சிருக்கிறீங்கள்?"

என்னை மடக்கத்தான் நடிக்கிறார் என்று அம்மா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மனிதர் முழு மனதோடு இறங்கிவிட்டார் என்பது அடுத்த கிழமைதான் தெரிந்தது. நான் சொன்ன மூன்று பல்கலைக்கழகங்களும் தொடங்கிய தேதிகளைத் தேடி எடுத்து, என்னுடைய சாதகத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குச் செவ்வாய்க் குற்றமாம். அது அன்றைக்கே தள்ளுபடி. மிச்சம் ஜப்பானும் பேர்கனும்.

புலமைப்பரிசில் கிடைத்தால் படிப்புச் செலவை அவர்களே தருவார்கள் என்று விளக்கினேன். பெண்ணையும் எடுத்து, செலவும் தருகிற வீட்டைத் தன் தொழிலில் கண்டதே இல்லை என்று அசந்துபோனார். உடனே அவருக்குச் சந்தேகமும் வந்துவிட்டது. இவ்வளவு இறங்கி வருகிறார்கள் என்றால் அங்கே ஏதாவது குறை இருக்கவேண்டும் என்றார். நான் பேர்கனில் எனக்குப் படிப்பிக்கவிருந்த பேராசிரியையின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் காட்டினேன்.

"இப்பிடிக் காட்டேக்க எல்லா மாப்பிள்ளையும் வடிவுதான் பிள்ளை," என்றார்.

விண்ணப்பத்தோடு கொடுக்க ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். சின்ன வயதிலிருந்தே கடல் என்றால் எனக்கு உயிர் என்று தொடங்கும். தமிழில் சொல்லக் கேட்டவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். நான் கடலில் காலே நனைக்காத ஆள், மீன் வெட்டினால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற ஆள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அவர் என்னையும் விசாரித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து வீட்டோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கு என் விரிவுரையாளர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். பொருத்தம் அவருடைய வீட்டு விறாந்தையில் போய் இருந்துகொண்டார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரிவுரையாளரின் மகளுக்கு என்ன வயது, என்ன நட்சத்திரம் என்று மட்டும் ஆறுதலாகக் கேட்டிருக்கிறார். கடிதம் அன்றைக்குப் பின்னேரமே போய்விட்டது.

ஜப்பான்காரர் வருந்துகிறோம் என்று எழுதினார்கள். "அவையளுக்குக் குடுத்து வைக்கேல்ல," என்று பொருத்தம் அதை ஊதித் தள்ளிவிட்டார். எனக்கு அப்படி முடியவில்லை. இனி இருந்தது பேர்கன் ஒன்றுதான். எனக்கு உண்மையில் ஆசையாக இருந்த இடமும் அதுதான். அதுவும் இல்லையென்றால் அம்மா சொல்கிற மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டியதுதான் என்று எனக்கும் அம்மாவுக்கும் ஏற்கெனவே பேச்சு.

அந்த நேரத்தில்தான் பேராசிரியையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திரு. குகன் என்பவர் தன் வீட்டுக்கு வந்து போனார், மிகவும் சுவையான பலகாரம் கொண்டுவந்தார், ஆனால் அவர் வந்த நோக்கம் தனக்கு விளங்கவில்லை, தயவுசெய்து விளக்க முடியுமா என்று எழுதியிருந்தார். வாசித்ததும் குகன் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

நடந்தது இதுதான். பேராசிரியையை விசாரிக்கும்படி குகன் அண்ணாவுக்குப் பொருத்தத்தின் உத்தரவு போயிருக்கிறது. அவரும் முறைப்படியே தொடங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டில் கதவு திறக்கவில்லை. பக்கத்துக் கடையில் ஆளே இல்லை, பொருளைக் காட்டிக் காசு கட்டுகிற மெசின்தான் நின்றது. சலூனும் சரிவரவில்லை, அந்த அம்மா தன் தலைமயிரைத் தானே வெட்டுகிறவராம். வேறு வழியில்லாமல், முறுக்கும் பயற்றம் பணியாரமும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு நேரே பேராசிரியையின் வாசல் மணியை அடித்துவிட்டார். குடிக்கிற பழக்கம் உண்டா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், பிள்ளைகளை நேரத்துக்குச் சாப்பிட விடுவீர்களா, முன்னம் உங்களிடம் படித்தவர்கள் சந்தோஷமாக இருந்தார்களா என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

நான் பொருத்தத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். என்னுடைய வாழ்க்கையையே நாசமாக்கிவிட்டீர்கள் என்றேன். அழுகையும் வந்துவிட்டது. 

"ஒரு பிள்ளையையும் நான் விசாரிக்காமல் அனுப்பினதில்ல," என்றார் பொருத்தம். "நீங்கள் முகமே காணாத இடத்துக்குப் போகப் போறீங்கள். நான் எப்பிடிப் பிள்ளை சும்மா இருக்கிறது?"

அதற்குமேல் அவரோடு சண்டை பிடிக்க என்னால் ஏலவில்லை. எங்கள் ஊரில் பெண்பிள்ளையைத் தூர இடத்துக்கு அனுப்ப முதல் இப்படி விசாரிப்பது வழக்கம், மன்னிக்கவும் என்று பேராசிரியைக்குப் பதில் எழுதினேன். இனி மாப்பிள்ளைதான் என்று மனதைத் தயார்படுத்தவும் தொடங்கினேன்.

பத்து நாளுக்குள் வீடியோவில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பேராசிரியை சிரித்துக்கொண்டே வந்தார். திரு. குகனின் கடைசிக் கேள்விக்குத் தன்னிடம் பதில் இருக்கவில்லை என்றார். இத்தனை வருடத்தில் யாரும் அதைத் தன்னிடம் கேட்டதில்லையாம். அதனால் பழைய மாணவர்களைத் தானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார். ஒரு பெண் மட்டும், தான் ஒரு வருடம் முழுக்கத் தனிமையில் அழுததாகவும் அதைச் சொல்லப் பயந்ததாகவும் சொல்லியிருக்கிறாள். தனக்கு அது தெரியாமலே போய்விட்டது என்றார் பேராசிரியை. அதற்குப் பிறகுதான் கடற்புல்லுக்கே வந்தோம்.

இடமும் கிடைத்தது, புலமைப்பரிசிலும் கிடைத்தது. அம்மாதான் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று நம்பித்தான் முதலில் ஒத்துக்கொண்டிருக்கிறார், இப்போது தனியாக அனுப்ப ஏலாது என்று ஒரே பிடி. எந்தக் கடிதத்தைக் காட்டினாலும் திரும்பியும் பார்க்கவில்லை. பொருத்தம் வந்து அம்மாவுக்கு முன்னால் இருந்து, குகன் அண்ணாவைப் போனில் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

அம்மா போனைப் பார்த்துக் கேட்டார். "ஆள் எப்பிடித் தம்பி?"

"நல்ல மனுசி அக்கா. கொண்டுபோன முறுக்கு முழுக்கச் சாப்பிட்டவா."

"அவவிட்டப் படிச்ச பிள்ளையள்?"

"ஒரு பிள்ளை கஷ்டப்பட்டிருக்கு அக்கா. அதை அவவே எனக்குப் போன் எடுத்துச் சொன்னவா. தனக்குத் தெரியாமல் போச்செண்டு கவலைப்பட்டவா."

 எங்கள் வீட்டுக்கு எத்தனையோ சம்பந்தம் வந்திருக்கிறது. தங்களிடம் இன்ன குறை இருக்கிறது என்று தாங்களாகவே சொன்ன வீடு ஒன்றுகூட இல்லை.

"குறையை மறைக்காத ஆக்கள் எண்டால் போகட்டும்," என்றார் அம்மா. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதார்.

நான் வெளிக்கிட்ட அன்று காலையில் விமான நிலையத்துக்குப் போகிற வான் வீட்டு வாசலில் வந்து நின்றது. பொருத்தமும் வந்திருந்தார். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்களுக்கு அவர் வழக்கமாகச் சொல்கிற புத்தி எனக்கு மனப்பாடம். கொஞ்சம் பொறுத்துப் போங்கோ, எல்லாம் சரிவரும் என்பார். எனக்கும் அதுதான் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் வான் கதவைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்.

"பிடிக்கேல்லையெண்டால் வந்திடுங்கோ பிள்ளை. பொறுக்க வேண்டாம். ஆர் என்ன கேட்டாலும் நான் கதைக்கிறன்."

வேறு எந்தப் பெண்ணிடமும் அவர் அப்படிச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. பேர்கனில் அந்த முதல் குளிர்காலம், மத்தியானமே இருட்டிவிடுகிற நாட்களில், நானும் அறைக்குள் இருந்து அழுதிருக்கிறேன். பிடிக்காவிட்டால் வந்துவிடலாம் என்று ஓர்ஸ் ஹில்லில் ஒரு மனிதர் சொல்லியிருக்கிறார் என்று நினைப்பேன். முகத்தைக் கழுவிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போய்விடுவேன். என்னைக் கடைசிவரை அங்கே இருந்து படிக்க வைத்தது அந்த மனிதர்தான்.