புரதத்தின் மீதான துறை விசாரணை

ஒரு புரதத்தை நீக்க அனுமதி கேட்டு ஆய்வகத்து அம்மா விண்ணப்பம் எழுதினார். தப்பு அவருடையதுதான். 'நீக்க' என்ற சொல்லைக் கண்டதும் கோப்பு நேராகப் பணியாளர் பிரிவுக்குப் போய்விட்டது. அந்தப் பிரிவின் அதிகாரிக்கு 'விதிப்புத்தகம்' என்று பெயர். அவர் இல்லாதபோது மட்டும்.

"யாரும்மா இந்தப் புரதம்? என்ன தப்புப் பண்ணுச்சு?"

"சார், வைரஸுக்குச் சொந்தமா கையும் இல்ல, காலும் இல்ல. செல்லுக்குள்ள புகுந்து, அங்க இருக்கற புரதங்களை வேலை வாங்கித்தான் ஒண்ணு ஆயிரமா பெருகுது. இந்த ஒரு புரதம் இல்லேன்னா அதோட ஜம்பம் சாயாதுன்னு நினைக்கிறேன். எடுத்துட்டுப் பார்க்கணும்."

"அப்போ உள்ளாள் வேலை!"

"ஐயோ, அதுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"தெரியாதுன்னு எழுத்துல கொடுத்திருக்கா?"

கொடுத்திருக்கவில்லை. விளக்கம் கேட்காமல் யாரையும் நீக்குவது இயற்கை நீதிக்கு விரோதம். ஆகவே, 'உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்ற குறிப்பாணை, செல்கள் வளரும் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. பதினைந்து நாள் கெடு. அதுவரை யாரும் சாட்சியைக் கலைத்துவிடாதபடி பெட்டிக்கு அரக்கு சீலும் வைத்தார்கள்.

அம்மா பதறி ஓடிவந்தார். "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும் சார். இல்லேன்னா செத்துடும். மூணு வருஷ உழைப்பு!"

"இடைநீக்கத்துல இருக்கறவங்களுக்குப் பாதி பிழைப்பூதியம் உண்டும்மா. பாதிச் சாப்பாடு தாராளமா குடுங்க."

"எப்படி சார்?"

"சீலை உடைக்காம."

தினமும் அம்மா பெட்டியின் கதவில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள் அறிக்கை வந்தது. விதிப்புத்தகமே எழுந்து நின்று வாசித்தார்: "மேற்படி புரதம் குற்றமற்றது. புகுந்தவர் யார், உத்தரவு யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்காமல், வந்த வேலையை வந்தபடி முடித்துக் கொடுத்திருக்கிறது. நல்ல ஊழியருக்கு இதைவிட வேறு இலக்கணம் கிடையாது. பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது."

பிரிவே கை தட்டியது. சிலர் தங்களைத்தான் சொன்னதாக நினைத்துக் கண் கலங்கினார்கள்.

சீல் உடைக்கப்பட்டது. உள்ளே ஒரு செல்லும் உயிரோடு இல்லை.

இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் அம்மா படியேறினார். விதிப்புத்தகம் ஒரு தாளை நீட்டினார்.

"உயர்வு ஆணையைப் புரதம் சார்பா நீங்க வாங்கிக்கணும். இங்க ஒரு கையெழுத்து."

அம்மா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நீல மையா சார், கறுப்பா?"