கிடங்குப் பதிவேட்டில் ஏறிய கழுதை

ஒரு காட்டில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அணைக்குக் கல் சுமக்கும் வேலையில் பன்னிரண்டு வருடமாக இருந்தது மூக்காயி என்ற கழுதை. மலையடியில் கல்லை ஏற்றிக்கொண்டு, செங்குத்தான பாதையில் ஏறி, மேட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினாறு நடை. கொஞ்ச காலமாகவே அதற்கு இடுப்பு சரியில்லை. காலையில் எழுந்தால் பின்னங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்க அரை மணி நேரம் ஆகும்.

அந்த வருடம் சிங்கராஜாவுக்கு ஊழியர்களின் உடல்நலத்தின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. 'நாளைய வேலை' என்று ஒரு திட்டத்தை அறிவித்து, நலப்பிரிவு ஒன்றைத் திறந்து, கரடியை அதற்கு அதிகாரியாகப் போட்டார். ஊழியர் எல்லோர் கழுத்திலும் ஒரு பட்டை கட்டினார்கள். உடம்பு களைத்தால் பட்டை கத்தும். மூக்காயியின் பட்டை முதல் நடையிலேயே கத்த ஆரம்பித்தது. அப்புறம் நிற்கவேயில்லை.

மூக்காயி நலப்பிரிவில் போய் வரிசையில் நின்றது. முன்னால் கழுத்தைத் திருப்ப முடியாத மரங்கொத்தி சடையன். பின்னால் பார்வை மங்கிப்போன தூக்கணாங்குருவி. மூக்காயியின் முறை வந்தபோது கரடி பட்டையைப் பரிசோதித்தது. இந்தச் சத்தம் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லி அதை அணைத்துவிட்டது. லீவு வேண்டுமானால், நடக்க முடியவில்லை என்று மலை உச்சியில் இருக்கும் கொக்கு டாக்டரிடம் நேரில் நடந்துபோய்ச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்றது. மூக்காயி கும்பிட்டுவிட்டு வந்து, அன்றைக்கும் பதினாறு நடையை முடித்தது.

மறுமாதம் சுமை இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. ஆறு சக்கரம், இரண்டு இரும்புக் கை. பாதையைக் கற்றுக்கொடுக்க மூக்காயி கூடவே நடக்க வேண்டும் என்று உத்தரவு. கற்றுக்கொடுத்து முடித்தால் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். ஆனாலும் மழை பெய்தால் எந்தக் கல் வழுக்கும், எங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்பதையெல்லாம் ஒளிக்காமல் காட்டிக்கொடுத்தது.

மூன்றாம் நாள் ஏற்றத்தில் இயந்திரம் 'க்ரீச்' என்றது. ஒரே ஒரு தடவைதான். உடனே அணை வேலை முழுவதையும் நிறுத்தினார்கள். கரடியே மூச்சிரைக்க ஓடி வந்தது. இயந்திரத்துக்கு மேலே ஓலைப் பந்தல் போட்டார்கள். மூட்டு மூட்டாக எண்ணெய் விட்டார்கள். இனிமேல் பாதிச் சுமைதான், உச்சி வெயிலில் ஓட்டக் கூடாது என்று கரடி எழுதிக் கையெழுத்துப் போட்டது. மீதிப் பாதிச் சுமை மூக்காயியின் முதுகுக்கு வந்தது.

மூக்காயிக்குக் கோபம் வரவில்லை. அந்த எண்ணெய் மூட்டுக்குள் இறங்குவதைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றது. அதன் கண் கலங்கியிருந்தது. அப்புறம் கல்லை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கிடங்குக்குப் போனது.

கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கீரி. இயந்திரத்துக்கு மட்டும் ஏன் இத்தனை கவனிப்பு என்று மூக்காயி அதனிடம் கேட்டது. கிடங்குப் பதிவேட்டில் ஏறிய எதுவும் காட்டின் சொத்து, சொத்துக்குச் சேதம் வந்தால் அதிகாரி ராஜாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கீரி விளக்கியது.

"ஊழியருக்குச் சேதம் வந்தா?" என்றது மூக்காயி.

"அதுக்குப் படிவத்துல இடமில்லையே."

"அப்ப என்னையும் அந்தப் பதிவேட்டுல ஏத்திடுங்க ஐயா."

கீரிக்கு அது தப்பாகப் படவில்லை. நாடாவை எடுத்து மூக்காயியின் நீளம், உயரம் அளந்தது. எரிபொருள் என்ற இடத்தில் புல் என்று எழுதியது. ஆயுட்காலம் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது.

"அஞ்சு வருஷம்னுதான் போட முடியும். அப்புறம் உன்னை ஏலத்துல விட்டுருவாங்க. பரவாயில்லையா?"

மூக்காயி கொஞ்சம் யோசித்தது. இப்போது இருக்கிற இருப்பில் ஐந்து வருடம் தாங்குவோம் என்று அது நினைத்திருக்கவில்லை.

"போட்டுக்கோங்க," என்றது.

கிடங்கிலிருந்து வரும் காகிதத்தைப் படித்துப் பார்க்கும் வழக்கம் கரடிக்கு இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டது.

மறுநாளிலிருந்து மூக்காயி கிடங்கை ஒட்டிய கொட்டகையில் இயந்திரத்தோடு நின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடுப்பில் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாக 'வலிக்கிறது' என்று சொல்லிவந்த மூக்காயி, இப்போது ஏற்றத்தில் நின்று 'க்ரீச்' என்று மட்டும் சொல்லும். உடனே சுமையைக் குறைத்தார்கள். ஒரே ஒரு கஷ்டம், உபகரணம் பேசக் கூடாது. தெரிந்தவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் நிற்க அது பழகிக்கொண்டது.

விஷயம் பரவியது. சடையன் துளைபோடும் கருவியாகப் பதிவானது. தூக்கணாங்குருவி தையல் இயந்திரம் ஆனது. மழைக்காலம் முடிவதற்குள் ஊழியர் பட்டியலில் கரடியையும் கீரியையும் தவிர ஒருவரும் இல்லை. காட்டில் நோயுற்ற ஊழியர்கள் பூஜ்யம் என்று அறிக்கை போனது. சிங்கராஜா கரடிக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தப் பூஜ்யத்தை அடுத்த வருடம் இன்னும் குறைத்துக் காட்டச் சொன்னார்.

அதிலிருந்து கரடிக்குத் தூக்கம் போனது. நெஞ்சு படபடத்தது. ஒரு நாள் மத்தியானம் அது தயங்கித் தயங்கிக் கிடங்குக்கு வந்து, தன்னையும் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. கீரி மறுக்காமல் நாடாவை எடுத்து அளந்தது.

"பயன்பாடு என்னன்னு போடட்டும் ஐயா?"

கரடி யோசித்தது. கீரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தது. கொட்டகையில் வெயில் இறங்கி நிழல் நீண்டது. கரடி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கீரியே பரிதாபப்பட்டு, 'காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்கும் கனமான பொருள்' என்று எழுதிக்கொண்டது.

மூக்காயிக்குக் கரடியிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. பேசக் கூடாது என்பதால், கொட்டகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு நின்றது.

நீதி: உடம்பு நன்றாக இருக்க வேண்டுமென்றால், முதலில் உயிருள்ளவர்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும்.