மனைவி சேர்த்துவிட்ட சிப்பாய்

இன்றைய அமெரிக்க ராணுவத்தில் கட்டாயத்தின்பேரில் சேர்க்கப்பட்ட ஒரே சிப்பாய் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: போர்வை. இந்த நாட்டில் இப்போது கட்டாய ராணுவ சேவை கிடையாதே என்பீர்கள். அரசாங்கம் அவரைப் பிடிக்கவில்லை. மனைவி பிடித்துக் கொடுத்தார்.

ஈரோட்டுப் பக்கத்து ஆள். இங்கே பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் ஐடி வேலை. சனி, ஞாயிறு என்றால் மத்தியானம்வரை தூக்கம். ஒருநாள் காய்கறி வாங்கப் போன இடத்தில், கடைக்குப் பக்கத்திலேயே ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ஆபீஸ் இருந்திருக்கிறது. அந்தம்மா புருஷனை நேராக அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

“‘நீங்களாத்தான் வந்தீங்களா?’ன்னு ஆபீசர் கேட்டாருங்க. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவ தலையாட்டினா. நானும் ஆட்டிட்டேனுங்க. கொத்தமல்லிகூட வாங்கலீங்க.”

இதை அவர் என்னிடம் சொன்னது குளிர்காலப் பயிற்சி முகாமில், பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு. நான் தொப்பை குறையட்டும் என்று நானாகப் போய் மாட்டிக்கொண்டவன். மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். முகாமில் தமிழர்கள் நாங்கள் இரண்டே பேர்.

போர்வை என்ற பட்டப்பெயர் அவர் முகாமுக்கு வந்தவுடனேயே ஒட்டிக்கொண்டது. தினமும் காலையில் படுக்கையை ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து வைக்க வேண்டும். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சார்ஜென்ட் வந்து விரலால் சுண்டிப் பார்ப்பார். நம் ஆள் முதல் நாள் அதை அழகாக விரித்தார். அதற்குப் பிறகு அதில் படுக்கவே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தூங்கினார். “இதுதான்டா படுக்கை!” என்று சார்ஜென்ட் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து குறட்டை வந்தது.

“ராணுவத்துல குடுத்த கம்பளியைப் போத்திக்கக் கூடாதாங்க?” என்று கேட்டேன்.

“அது வெறும் கம்பளிதானுங்க. நம்மளதுல பேர்லயே போர் இருக்குது!”

அடுத்தது அவருடைய மரியாதை. சார்ஜென்ட் எது சொன்னாலும் ‘எஸ் சார்ஜென்ட்’ என்று கத்த வேண்டும். இவர், “எஸ்ஸுங்க சார்ஜென்ட்!” என்றார்.

“வாட் இஸ் உங்கா?” சார்ஜென்ட் மூக்கோடு மூக்கு வைத்துக் கேட்டார்.

நான் முன்னால் போய், அது எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்று விளக்கினேன். சார்ஜென்ட் கொஞ்ச நேரம் யோசித்தார். மரியாதை என்றால் எல்லோருமே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். மறுநாள் காலை டெக்சாஸ்காரன், ஒஹாயோக்காரன் எல்லாம் பல் கிடுகிடுக்க “எஸ்ஸுங்க சார்ஜென்ட்!” என்று கத்தினார்கள்.

பிறகு காவல் வேலை. பனியில் மரத்தடியில் நிற்க வேண்டும். யார் வந்தாலும் பாஸ்வேர்ட் கேட்க வேண்டும். சொல்லாத ஆளைத் தரையில் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். ஒரு சாயங்காலம் சார்ஜென்டே வந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

“பாஸ்வேர்ட் ப்ளீஸுங்க.”

சார்ஜென்ட் வாயை அசைத்தார். காற்றுதான் வந்தது.

“ஐ கேனாட் ஹியருங்க. லை டவுனுங்க.”

சார்ஜென்ட் பனியில் குப்புறப் படுத்தார். அடுத்த மரத்தடியில் நின்ற நான் பதறி ஓடிவந்தேன். “என்னங்க இது, அவரு நம்ம சார்ஜென்ட்!”

“தெரியுதுங்க. பாஸ்வேர்ட் தெரியோணுமில்லீங்களா?”

ஆனாலும் மனசு கேட்காமல் குனிந்து, தன் பிளாஸ்க்கிலிருந்த சுக்குத் தண்ணியை ஊற்றிக் கொடுத்தார். இரண்டு மடக்கில் சார்ஜென்டுக்குக் குரல் திரும்பிவிட்டது. முதலில் வந்தது பாஸ்வேர்ட் இல்லை.

கடைசிச் சோதனை, முதுகில் மூட்டையோடு பனியில் நீண்ட நடை. நேரத்துக்குள் ஒருவன் வந்து சேராவிட்டாலும் மொத்தக் குழுவும் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். எல்லோருக்கும் போர்வையை நினைத்துத்தான் பயம். விழுந்தது நான். பாதி வழியில் பனியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையே வந்துவிட்டது.

பின்னால் வந்த போர்வை என்னைப் பார்த்தார். மூட்டையை இறக்கினார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்க போங்க. என்னால முடியாது” என்றேன்.

“பரவால்லீங்க. எனக்கும் உக்காரோணும்னு ரொம்ப நேரமா ஆசை.”

சார்ஜென்ட் ஓடிவந்து தலைக்குமேல் நின்று கத்தினார். போர்வை அசையவில்லை. இவர் எங்க ஊர்க்காரர், விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். நான் சென்னைக்காரன். அவர் ஊரை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சட்டென்று எழுந்தேன். மூட்டையைத் தூக்கினேன். இரண்டு பேரும் கடைசி ஆட்களாக, ஆனால் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். சார்ஜென்டின் கத்தலுக்குப் பயந்துதான் நான் எழுந்தேன் என்று குழுவில் எல்லோரும் நினைத்தார்கள். அதெல்லாம் இல்லை. எனக்காக ஈரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, அந்த மனுஷன் தும்ம ஆரம்பித்துவிட்டார்.