செஸ்ட்நட் விற்பனைக்கு

அன்புள்ள யூனிஸ் அக்காவுக்கு,

உன் உடம்பும் அத்தானின் இடுப்பும் தேவலாம் என்று நம்புகிறேன். இங்கே பென்சில்வேனியாவில் பனி விழத் தொடங்கிவிட்டது. என் முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம்.

நீ சொன்னபடியே கிளாராவை விற்கத் துணிந்துவிட்டேன். லாயம்வரை நடக்க முடியாதவனுக்குக் குதிரை எதற்கு என்று நீ கேட்டது நியாயம்தான். ஊர்க் கடைவாசலில் எழுதி ஒட்டினேன்: "செஸ்ட்நட் விற்பனைக்கு. வயதானது, சாது. நல்ல இடமாக இருக்க வேண்டும்." செந்நிறக் குதிரையை நாம் அப்படித்தானே சொல்வோம், வேறென்ன எழுதுவது? முதலில் பாதிரியார் மனைவி ஹல்டா கூடையோடு வீட்டுக்கு வந்தாள், வான்கோழிக்குள் வைத்து அடைக்க, சுட்டுத் தின்கிற செஸ்ட்நட் கொட்டை வேண்டுமாம், எனக்கு அது எங்கே தெரிந்தது? "பழசுன்னா புழு இருக்குமே, ஆர்வில்?" என்றாள். "போன மாசம்தாம்மா மருந்து குடுத்தேன்" என்றேன். கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்தவன் தச்சன் லமார். அவனுக்கு செஸ்ட்நட் என்றால் மரம். "நேரா இருக்கா?" என்று கேட்டான். "முதுகு கொஞ்சம் வளைஞ்சிருக்கு" என்றேன். "பரவால்ல, நாலா அறுத்துக்கறேன்" என்றான் பாவி. இந்த முழங்காலோடு அவனை வாசல்வரை விரட்டினேன். பிறகு அஞ்சல்காரர் பெர்சி வந்து, புளித்துப்போன நகைச்சுவைக்கும் அதே பேர்தானே, தன்னிடம் நிறைய இருக்கிறது, சும்மாவே தருவதாகச் சொல்லி சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டார். அப்பா சொல்லி நாம் சிரிக்காததையெல்லாம் சொன்னார். லாயத்திலிருந்து எட்டிப் பார்த்த கிளாராகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியாக நிஜமாகவே குதிரை தேடும் ஒரு டீச்சரம்மா போன் செய்தாள். பக்கத்து ஊர், பெரிய மேய்ச்சல் நிலம். நாளைக்கு வண்டியோடு வருகிறாள். எனக்குத் துளி வருத்தமும் இல்லை. நீ அழுதுவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் கூரையைப் பனியிலிருந்து காக்கட்டும்.

உன் தம்பி,
ஆர்வில்

பி.கு: கடிதத்தை அஞ்சலில் போடுவதற்குள் டீச்சரம்மா வந்துவிட்டாள். தங்கமான பெண், அதுதான் கஷ்டமாகிவிட்டது. "குதிரை எங்கே?" என்றாள். "எந்தக் குதிரை? திங்கிற செஸ்ட்நட்டைத்தானே எழுதினேன்" என்று சந்தையில் வாங்கிய ஒரு பையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து லாயத்திலிருந்து கிளாரா கனைத்தாள். டீச்சரம்மா பையை வாங்கிக்கொண்டு, "செஸ்ட்நட் நல்லா கனைக்குது தாத்தா, வித்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காலி வண்டியோடு கிளம்பினாள்.